பவர் ஸ்டீயரிங் ஆயில் பற்றி நானூறு சொற்கள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை.

வேன் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்காக மாதம் ஒரு சுற்றிதழ் வருகிறது. எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு பின். அதன் ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர். "பழைய வேன்ல பவர் ஸ்டீயரிங்கை எப்படிப் பராமரிக்கறதுன்னு நானூறு வார்த்தை எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே" என்று தலையில் கட்டிவிட்டார். எழுத வருவதும் வேன் தெரிவதும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

நான் வேன் ஓட்டியதில்லை. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆகவே தெருக்கோடி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அங்கிருந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய வேனின் பானெட்டைத் தூக்கி, ஓரமாக இருந்த சின்ன பிளாஸ்டிக் டேங்கைக் காட்டினார். மூடியைத் திருகினார். மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி வந்தது. அதில் இரண்டு கோடு. "ஆயில் இதுக்குக் கீழ போகக் கூடாது, இதுக்கு மேலயும் போகக் கூடாது. அவ்வளவுதான் மேடம்."

"எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஊத்தணும்?" என்று கேட்டேன். கேட்டதும் தப்பு என்று தெரிந்துவிட்டது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக என்னைப் பார்த்தார்.

"பெட்ரோல் மாதிரி நெனச்சுட்டீங்களா? இது செலவாகுற சாமான் இல்ல மேடம். உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். குறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஊத்திக்கிட்டே இருந்தா ஒழுகறது நிக்காது. ஒழுகறது தெரியாம இருக்கும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அதை நல்ல தமிழில் மாற்றி எழுதினேன். எழுதி முடித்ததும் கண் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் புட்டி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். யார் இவள்? ஆயில் ஊற்றுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் நானூறு சொற்கள் அந்த இடத்திலேயே கெட்டுப்போயின.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் உங்கள் முன்னால் வைக்கிறேன், ஒளிவுமறைவு வேண்டாம்.

"பழைய வேனின் பவர் ஸ்டீயரிங் என்பது ஒரு பம்ப், அதைச் சுற்றவைக்கும் ஒரு பெல்ட், இரண்டு ரப்பர் ஹோஸ், ஒரு சின்ன டேங்க் ஆகியவை சேர்ந்த —" [இது சுற்றிதழுக்குச் சரி. ஆனால் இதில் யாரும் ஒளிந்துகொண்டு ஊற்றவில்லை.]

"முற்றத்தில் யாருமில்லை. அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள —" [ஆயில் ஊற்றுகிறவளுக்கு நெஞ்சு எதற்கு அடித்துக்கொள்கிறது? வெடிகுண்டா வைக்கிறாள்?]

"ஏழு மாதமாக அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை. வேன் மட்டும்தான் பொதுவாக இருந்தது."

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். எழுதிய பிறகுதான் எனக்கே ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு சலவைக்கூடம். அதை நடத்துகிறவர் அண்ணன். கூடத்துக்குப் பின்னால் வீடு. மாடியில் அண்ணனும் அவர் மனைவியும், கீழே அவருடைய தங்கை. இந்தத் தங்கைதான் புட்டியோடு நின்றவள். நாற்பதைத் தொட இன்னும் ஒரு வருடம். தனி ஆள். மூன்று சின்ன மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் நோயாளி அங்கியும் இவர்களிடம்தான் துவைக்க வரும். காலையில் வெளுத்ததை ஏற்றிக்கொண்டு போவது அண்ணி. சாயந்திரம் அழுக்கை ஏற்றிக்கொண்டு வருவது தங்கை. இரண்டு பேருக்கும் ஒரே வேன், பதினெட்டு வயசு ஆன வேன்.

சண்டைக்குக் காரணம் தங்கையின் வலது தோள். அதில் ஒரு ஆபரேஷன் நடந்தது, அந்த மூன்று மருத்துவமனைகளில் ஒன்றிலேயே. மூன்றாம் நாள் வார்டில் படுத்திருக்கும்போது, ஊசி போட வந்த நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள்: "இனிமே நீங்க வண்டிக்கு வர மாட்டீங்களாமே. உங்க அண்ணி போன் பண்ணிச் சொன்னாங்களாம்." மூன்று மருத்துவமனைக்கும் சொல்லியாகிவிட்டது. சொந்த வேன் வைத்திருக்கும் ஒருவரைப் பேசி முடித்தும் ஆகிவிட்டது. படுத்திருந்தவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் டாக்டரிடம் அடம்பிடித்து ஒரு சீட்டு வாங்கி வந்தாள். ஓட்டலாம், ஸ்டீயரிங் லேசாக இருந்தால் மட்டும். தோளுக்குப் பாரம் கூடாது. அந்தச் சீட்டை அண்ணனிடம் நீட்டினாள், அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேசி முடித்த ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அண்ணன் வழியாகத்தான். "அவகிட்ட சொல்லுங்க, பின் டயர்ல காத்து கம்மி" என்று மாடியிலிருந்து இறங்கும். "அவங்ககிட்ட சொல்லுண்ணே, அடைச்சுட்டேன்னு" என்று கீழேயிருந்து ஏறும். அண்ணன் பாதிப் படியில் பாதியை மறந்துவிடுவார்.

உங்களுக்கு இப்போதே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் லேசாக இருக்கும் வரைதான் தங்கை டிரைவர். அது கனத்துவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சாயந்திரம் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும்தான் அவளை யாரும் "பாவம், ஒண்டி ஆளு" என்று சொல்வதில்லை. ஹாரன் அடித்தால் வழிவிடுகிறார்கள், கேட்டைத் திறக்கிறார்கள், "வந்துட்டீங்களா" என்கிறார்கள். அதை விட அவளுக்கு மனசில்லை. இதைப் பூடகமாகச் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன்.

3

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயந்திரம், இரண்டாவது மருத்துவமனையின் பின்வாசலில் வண்டியை ஒடிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ஊங் என்று. நேராக்கினால் நின்றது, ஒடித்தால் மறுபடி. தங்கை இறங்கி, டேங்க் மூடியைத் திருகி, குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தாள். கீழ்க்கோட்டுக்கும் கீழே ஈரம்.

[இங்கே சுற்றிதழுக்கு ஒரு குறிப்பு: ஒடிக்கும்போது முனகினால் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ரேடியோவைச் சத்தமாக வைப்பது பரிகாரம் ஆகாது.]

வண்டியோடு வந்த கையேடு டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. அதில் சிவப்பு ஆயில் என்று போட்டிருந்தது. ஒரு புட்டி வாங்கி வந்து ஊற்றினாள். முனகல் நின்றது. புட்டியைப் பின்னால், அழுக்குப் பை அடுக்கும் தட்டுக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் கையுறைக்குள் சொருகி வைத்தாள். அண்ணிக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வண்டியும் சரியில்லை, இவள் தோளும் சரியில்லை என்று ஒரே மூச்சில் இரண்டையும் ஓரங்கட்டிவிடுவாள்.

அதன்பின் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அண்ணி மாடிக்குப் போன சத்தம் கேட்ட பிறகு, புட்டியின் மூடியால் அளந்து மூன்று மூடி ஊற்றினாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒழுகல் இவ்வளவு கொஞ்சம்தானே என்று அவளுக்கு நிம்மதி. நல்ல வண்டி, வயசானாலும் கட்டுக்குலையவில்லை என்று அதற்கு மனசுக்குள் சான்றிதழ் கொடுத்தாள்.

இந்த இடம் வரை எழுதி, எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒளித்து ஊற்றுகிறவள் யார், ஏன் ஒளிக்கிறாள், இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது. இனி என்றாவது ஒரு நாள் அண்ணி கையும் களவுமாகப் பிடிப்பாள், ஒரு பெரிய சண்டை, முடிந்தது கதை என்று நினைத்தேன். அண்ணிக்காக ஒரு பக்கம் முழுக்க எழுதியும் வைத்திருந்தேன். மருத்துவமனைகளுக்கு அவள் போன் செய்யும் காட்சி. குரலில் தேன், கண்ணில் —

[கண்ணில் என்ன என்று எழுத வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.]

4

தொழில் விஷயத்தில் தப்பு இருந்தால் மானம் போய்விடும் என்று, எழுதியதை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். தோள், நர்ஸ், சீட்டு எல்லாவற்றையும் விறுவிறுவென்று தாண்டிப் போனார். மூன்று மூடி என்று வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இது பத்தாதே."

"எது?"

"மூணு நாளைக்கு மூணு மூடி. இந்தச் சத்தம் வந்த வண்டி, பதினெட்டு வருஷத்து ஹோஸ், தினம் லோடோட ஏத்தம் எறக்கம். அது மூணு மாசம் இதுல ஓடாது மேடம். பத்தே நாள்ல கத்திடும்." தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. "வேற யாரோவும் ஊத்துறாங்க."

நான் சிரித்துவிட்டேன். இது நான் இட்டுக்கட்டிய வண்டி, இதில் எனக்குத் தெரியாமல் யார் ஊற்ற முடியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்க்கிற மாதிரியேதான் என் தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல வேற யாரு வண்டி எடுக்கறது?"

"அண்ணி."

"அப்ப அவங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். வேலை பார்க்கப் போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் படைத்த அண்ணி எனக்கே தெரியாமல் மூன்று மாதமாக என் கதைக்குள் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறாள். ஏன்? வில்லி என்று முடிவுகட்டிய ஆளைப் பற்றி இப்போது எதுவுமே தெரியாதவளாகிவிட்டேன். போன் செய்யும் காட்சியை எடுத்துக் கிழித்தேன். அதில் இருந்ததெல்லாம் நான் ஒட்டவைத்த தேன்.

காரணங்களை எழுதிப் பார்த்தேன். தங்கை ஓட்ட வேண்டும் என்று ஊற்றினாள். காலையில் தன் கைக்குக் கனமாக இருந்தது என்று ஊற்றினாள். சின்னவள் இதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறாள், நாம்தான் பார்க்கணும் என்ற அலுப்பில் ஊற்றினாள். மூன்றுமே பொருந்தித் தொலைத்தன. ஆயில் டேங்கில் விழுந்த பிறகு, எந்த மனசோடு ஊற்றினாள் என்று யார் கண்டுபிடிப்பது?

சரி, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். கதை நகரட்டும்.

5

ஒரு புதன்கிழமை சாயந்திரம் நான்கே முக்காலுக்கு நடந்தது. மூன்றாவது மருத்துவமனையின் பின்முற்றம் குறுகல். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கு. பின்னுக்கு எடுத்துச் சரிவுமேடையில் ஒட்ட வைக்க வேண்டும். தங்கை ஸ்டீயரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடித்து, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள்.

[சுற்றிதழுக்கு: இதைச் செய்யவே கூடாது. முழுக்க ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் பம்பின் அழுத்தம் உச்சிக்குப் போகும். ஐந்து விநாடிக்குள் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பழைய ஹோஸ் இருந்தால் ஐந்தும் அதிகம்.]

புஸ்ஸென்று ஒரு சத்தம். தீய்ந்த எண்ணெய் வாடை. கையில் இருந்த ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. அவள் பழக்கத்தில் வலது கையால் இழுத்தாள். தோளில் யாரோ கத்தி விட்ட மாதிரி ஒரு வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவரும் அவளுமாகச் சேர்ந்து ஸ்டீயரிங்கை நேராக்கினார்கள். "இதை வச்சுக்கிட்டா தினம் வர்றீங்க?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் கூனிக்குறுகிப் போனாள்.

வண்டி ஓடும்போது அவ்வளவு கனமில்லை, நின்றால்தான் கல். அதனால் நிற்க வேண்டியிராத சுற்றுவழியில், திருப்பம் குறைந்த ரோடாகப் பார்த்து, பம்ப் ஒப்பாரி வைக்க, இடது கையால் ஓட்டி வந்து சேர்ந்தாள். முற்றத்தில் நிறுத்திய இடத்தில் கீழே ஆயில் சொட்டிச் சொட்டிக் குளம் கட்டியது. மறைக்க இனி ஒன்றும் இல்லை. அண்ணனிடம் சொன்னாள். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் பழைய ஆளுக்குப் போன் போட்டார், அந்தச் சொந்த வேன்காரருக்கு. "ஒரு நாள் ரெண்டு நாளுக்குன்னா வர மாட்டாராம்" என்று வந்து சொன்னார். "வர்றதுன்னா நெரந்தரமா, ரெண்டு வேளையும் அவரே. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நம்ம வண்டி ரெடியாகலைன்னா வேற வழி இல்லம்மா. துணி இல்லாம ஆஸ்பத்திரி நடக்குமா?"

அது நியாயம். அநியாயமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

6

மறுநாள் காலை ஏழரைக்கே மெக்கானிக் வந்துவிட்டார். (ஆமாம், என் தெருக்கோடி மெக்கானிக்கைத்தான் கதைக்குள் இழுத்துவந்திருக்கிறேன். அவரிடம் கேட்டேன். "வரேன், ஆனா தப்பா எதுவும் செய்ய வச்சுடாதீங்க" என்றார்.)

அவர் டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே மிச்சமிருந்ததில் ஒரு வெள்ளைத் துணியின் முனையை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார். செங்கல் நிறம், அதில் நுரை. தங்கை ஒரு பக்கம் நின்றாள். வெளுத்த துணி மூட்டைகள் பக்கத்தில் அண்ணி நின்றாள். அவள் வேளைதானே அது. அண்ணன் நடுவில்.

"இது சிவப்பும் இல்ல, மஞ்சளும் இல்ல. ரெண்டு வகை ஆயிலும் கலந்திருக்கு. ரெண்டு கை பட்டிருக்கு இதுல" என்றார் மெக்கானிக். "யாரு யாரு ஊத்துனது?"

"நான் இல்லப்பா" என்றார் அண்ணன். பதில் சொன்னது அவர் மட்டும்தான்.

தங்கைக்குச் சிவப்பு யார் என்று தெரியும். மஞ்சள்? அண்ணன் இல்லை. அவருக்கு டேங்க் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவள் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணி ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி அதே மாதிரி முடிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் தங்கைக்கு அது தோன்றியது. என்னை வண்டியிலிருந்து இறக்க வேண்டும் என்றால் இவள் எதுவுமே செய்திருக்க வேண்டாம். சும்மா இருந்திருந்தால் போதும். பத்து நாளில் ஸ்டீயரிங் கனத்திருக்கும், நானே இறங்கியிருப்பேன். இவள் சும்மா இருக்கவில்லையே.

[இங்கே நான் கொஞ்சம் உருகிப்போய் ஆறு வரி எழுதினேன். எடுத்துவிட்டேன். காலையில் தன் கைக்குக் கனத்ததால்கூட ஊற்றியிருக்கலாம் என்பது தங்கைக்கும் தெரியும். அவள் முட்டாள் இல்லை.]

மெக்கானிக் பழைய ஹோஸைக் கழற்றிப் புதுசு மாட்டினார். கலந்த ஆயிலை முழுக்க வடித்தார். புது ஆயிலைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கழுவி, அதையும் வடித்தார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தார். இரண்டு முன்சக்கரமும் தரையைத் தொடாமல் நின்றன. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"இனிமே உள்ள இருக்கற காத்தை எடுக்கணும். இன்ஜின் ஆஃப்ல இருக்கட்டும். ஒருத்தர் ஸ்டீயரிங்ல உக்காந்து இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசிக்கு மெதுவா ஒடிக்கணும். ஒருத்தர் டேங்கைப் பார்த்து, குறையக் குறைய ஊத்தணும். டேங்க் காலியாயிடுச்சுன்னா காத்து உள்ள போயிடும், மொதல்லருந்து ஆரம்பிக்கணும். நான் கீழ படுத்து ஜாயின்ட்டைப் பார்க்கறேன்."

மூன்று ஆள் வேலை. அண்ணன் இருந்திருந்தால் அவரே ஒரு இடத்துக்குப் போயிருப்பார். ஆனால் உள்ளே துணி பிழியும் மெஷின் தடதடவென்று ஆட்டம்போட ஆரம்பிக்க, அவர் அதைப் பிடிக்க ஓடினார். [இதை நான் வேண்டுமென்றே செய்தேன். மன்னிக்கவும்.]

தோளுக்காகத் தங்கை டேங்க் பக்கம். அண்ணி ஏறி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். நடுவில் தூக்கிய பானெட். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அண்ணி ஒடிக்க ஆரம்பித்தாள். டேங்கில் ஆயில் மடமடவென்று இறங்கியது. தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. ஏழு மாதமாகப் பூட்டி வைத்த வாய், அவசரத்துக்குத் திறக்கவில்லை. புட்டியைச் சாய்ப்பதற்குள் டேங்க் அடியில் களக்கென்று காற்றை விழுங்கியது.

கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "என்னங்க, டேங்க்கிட்ட ஆள் இருக்கீங்களா இல்லையா? காத்து போயிடுச்சு. மறுபடி ஆரம்பிங்க."

மணி ஒன்பதே கால். இந்த மாதிரி ஒரு தப்பு வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். வண்டி சரியாகாததற்குக் காரணம் வண்டி இல்லை.

மறுபடி ஊற்றி நிரப்பினாள். மறுபடி ஸ்டீயரிங் நகர்ந்தது. ஆயில் இறங்கியது.

"நிறுத்துங்க" என்றாள் தங்கை.

நின்றது. உடனே நின்றது. அவள் ஊற்றினாள்.

"ம், ஒடிங்க. மெதுவா."

"இப்படியா?"

"ஆமா. போதும், நிறுத்துங்க. இப்ப அந்தப் பக்கம்."

குமிழ் வந்தது. பெரிசு பெரிசாக, பிறகு சின்னதாக. இருபது தடவையாவது இப்படியும் அப்படியும் போயிருக்கும். பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது, ஸ்டீயரிங் சுற்றும் மூச்சிரைப்போடு.

"நீ எப்ப ஊத்துவ?"

தங்கை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "சாயந்திரம். நீங்க மேல போனப்புறம். மூணு நாளைக்கு ஒரு தடவை. நீங்க?"

"காலையில. லோடு ஏத்துறதுக்கு முன்னாடி. தினம் ரெண்டு மூடி."

"தினமா?"

"ஆமா, தினம்."

தங்கை மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவ்வளவு ஒழுகியிருக்கிறது. அவ்வளவு ஒழுகலையும் வைத்துக்கொண்டு இரண்டாவது மருத்துவமனைக்கு இறங்கும் சரிவு ரோட்டில், லாரிகளுக்கு நடுவில், ரேடியோ கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். "நான் மூணு மூடியை வச்சு வண்டி நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன் அண்ணி."

"நானும்தான். ரெண்டு மூடிதானே, பெருசா ஒண்ணுமில்லன்னு."

"ரெண்டு பேரும் ஒரு பத்து நாள் ஊத்தாம இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார் கீழே படுத்திருந்தவர், யாரும் கேட்காமலே. "குமிழ் நின்னுடுச்சா பாருங்க."

நின்றிருந்தது.

7

இதற்குமேல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அண்ணி இறங்கி வர, தங்கை கட்டிக்கொண்டு அழ, அண்ணியும் அழ — [டேங்க் மூடி இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆயிலில் தண்ணீர் விழுந்தால் மறுபடி வடிக்க வேண்டும்.]

இரண்டு: ஜாக்கியை இறக்குவதற்குள் பத்தடித்துவிட்டது, சொந்த வேன்காரர் உள்ளே வண்டியை விட்டார். [இதை நான்கு பக்கம் எழுதினேன். சோகம் நன்றாக வந்தது. மெக்கானிக் படித்துவிட்டு, "இவ்வளவு வேலைக்கு ரெண்டு மணி நேரம் போதும் மேடம், என்னை ஏன் சோம்பேறி ஆக்குறீங்க" என்றார். கிழித்துவிட்டேன்.]

மூன்றாவதில் தங்கையைக் கேட்க வைத்தேன்: "ஏன் அண்ணி ஊத்தினீங்க?" எனக்கு அந்தப் பதில் வேண்டும். நான்காம் பகுதியிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தேன், அவள் கேட்கவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன், கேட்கவில்லை. எப்ப என்று கேட்டாளே, தினமா என்று கேட்டாளே, ஏன் என்று மட்டும் கேட்க மாட்டேனென்கிறாள். கேட்டால் ஒரு பதில் வரும். வந்தபின் அது மட்டும்தான் இருக்கும் என்று பயப்படுகிறாளோ என்னவோ. இது என் ஊகம்தான், அவள் சொல்லவில்லை.

ஆகவே நடந்தது வரைக்கும் சொல்கிறேன். மெக்கானிக் வெளியே வந்து, சக்கரத்தைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ("ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காம வண்டியைக் குடுத்தேன்னு எழுதிடாதீங்க" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.) முனகல் இல்லை. அண்ணி ஒடித்துப் பார்த்தாள், லேசாகச் சுற்றியது. இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தள்ளி நின்றாள். தங்கை ஏறவில்லை, வெளியே நின்றபடியே இடது கையின் ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள். பிறகு வலது கையால். தோள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். மெக்கானிக் பானெட்டைத் தட்டி மூடினார். இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது எதுவும் இல்லை.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. அண்ணன் ஈரக் கையில் போனோடு வெளியே வந்தார்.

"அவரு லைன்ல இருக்காரு. வரச் சொல்லவா, வேணாமா?" என்றார். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "சாயந்திரம் வண்டி யாரு எடுக்கறது?"

இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துத்தான் கேட்டார்.

அடுத்த வரி என்னிடம் இல்லை. எழுதத் தெரியாமல் இல்லை. நான் எழுதினால் அது என் பக்கமே சாய்கிறது, எத்தனை தடவை பூசி மெழுகினாலும். நீங்களும் இவ்வளவு நேரத்தில் யாராவது ஒருத்தர் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். தோளுக்காகத் தங்கை பக்கமோ, மஞ்சள் ஆயிலுக்காக அண்ணி பக்கமோ. நீங்கள் யார் பக்கமோ அவரைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மற்றவர் பதில் சொல்லட்டும்.

அண்ணன் போனைப் பொத்தியபடி நிற்கிறார்.